எம்.பி.எச். படிக்க இங்கிலாந்து போகலாமா? போடியிலிருந்து ஒரு பல் மருத்துவரின் கேள்வி

கேள்வி:

மேடம், எனக்கு 29 வயது. பி.டி.எஸ். முடித்துவிட்டு போடியில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன், சம்பளம் 22,000. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் நிறையப் பேர் எங்களிடம் வருவார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் பலருக்கு உண்டு. கன்னத்தின் உட்பக்கம், பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு இருந்தவர்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன், 14 மாதத்தில் 41 பேர். நம் மக்களிடம் விழிப்புணர்வே இல்லை. இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் பொதுச் சுகாதாரம் படிக்க ஆசைப்படுகிறேன். மதுரையில் ஒரு கன்சல்டன்சியில் இங்கிலாந்தில் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) சீட் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். ஃபீஸ் 19,500 பவுண்ட். எல்லாம் சேர்த்து 30 லட்சத்தில் முடிந்துவிடும், கணவரையும் மூன்று வயது மகளையும் கூட்டிப் போகலாம், முடித்ததும் அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் வேலை நிச்சயம் என்கிறார்கள். ஏற்கெனவே போனவர்களின் போட்டோவெல்லாம் காட்டினார்கள். இந்த மாதத்துக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டுமாம். அப்பா தென்னந்தோப்பை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். போகலாமா?

பதில்:

வணக்கம் தங்கச்சி.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அவர்கள் சொன்னதில் ஒன்று நேராகவே தவறு. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கிய பாடவழி முதுகலைப் படிப்புகளுக்கு இங்கிலாந்து போகிறவர்கள் கணவரையோ பிள்ளையையோ கூட்டிப்போக முடியாது. பிஎச்.டி., ஆராய்ச்சி வழி முதுகலை, அரசாங்கமே செலவு ஏற்கிற சில உதவித்தொகைகள், இவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. நீங்கள் கடன் வாங்கிப் படிக்கப்போகிற எம்.பி.எச். இதில் எதிலும் வராது. இவ்வளவு தெளிவான ஒரு விதியை மாற்றிச் சொல்கிறவர், வேலை நிச்சயம் என்று சொல்வதை எப்படி நம்புவது?

மகளை விட்டுவிட்டு ஒரு வருடம் இருக்க முடியுமா என்பதை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான் பேசி முடிவுசெய்ய வேண்டும். முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு மிட்வைஃப் இருந்தார். நவம்பரில் அங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும், அந்த நேரத்துக்கு நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் தன் பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். தினமும். நல்ல மதிப்பெண்ணோடுதான் முடித்தார். ஆனால் அவர் இதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்து வந்தவர், ஏர்போர்ட்டுக்குப் போகிற வாரத்தில் கேள்விப்பட்டவர் அல்ல.

சரி, இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். யாரும் கேட்காமல், சம்பளம் கூட்டித் தராமல், நீங்களாக எண்ணியிருக்கிறீர்கள். இந்தப் படிப்புக்குத் தேவையான குணம் உங்களிடம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 41-ஐ வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள். ஏலத்தோட்டப் பெண்களிடம் வெள்ளைத் திட்டு அதிகம் என்று சொல்ல முடியுமா? முடியாது. 41 பேர், எத்தனை பேரில்? அந்த 14 மாதத்தில் நீங்கள் வாயைத் திறந்து பார்த்த தோட்டத் தொழிலாளிப் பெண்கள் மொத்தம் எத்தனை பேர்? பல் வலி இல்லாததால் கிளினிக் பக்கமே வராமல், விடியற்காலை ஜீப் ஏறி மலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு இறங்குகிற மற்ற பெண்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்தில் பின்னம் சொல்லிக்கொடுத்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்றார்களே, உங்கள் நோட்டில் தொகுதி இருக்கிறது, பகுதி இல்லை. எம்.பி.எச். படிப்பின் பாதி, பகுதியைத் தேடக் கற்றுக்கொள்வதுதான். நான் இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, முதல் பருவத்தில் தொற்றுநோயியல் வகுப்பில் வாரக்கணக்காக இதைத்தான் செய்தோம். அப்புறம் ஒப்பிடுவதற்கு ஆள் வேண்டும், வயது, குடிப்பழக்கம் போன்றவை கணக்கைக் குழப்பாமல் பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும், ஸ்டாட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளில் அதைப் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நீங்கள் எழுதிய இன்னொரு வரி, ‘நம் மக்களிடம் விழிப்புணர்வே இல்லை’. தங்கச்சி, அச்சு அசலாக இதே வரியை நானும் என் முதல் கட்டுரையில் எழுதினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனவள், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. தாள் திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று கேள்வி இருந்தது: எந்த மக்கள்? யார் அளந்தது? தெரிந்திருந்தால் மாறியிருப்பார்களா? மூன்றாவது கேள்வி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் என்னிடம் வந்த பெண்களுக்குப் புகையிலை கெடுதல் என்று நன்றாகவே தெரியும். பாக்கெட்டிலேயே புற்றுநோய்ப் படம் போட்டிருக்கிறது. வாயில் அதை அடக்கிக்கொண்டால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பசி தெரியாது, இடுப்பு வலி தெரியாது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் பிரச்சினை வேலை நேரத்தில் இருக்கிறது, கூலியில் இருக்கிறது, தடை போட்ட சரக்கு பெட்டிக்கடையில் கிடைப்பதில் இருக்கிறது. விழிப்புணர்வு என்று ஒரு சொல்லைப் போட்டுப் பழியை அந்தப் பெண்கள் தலையில் வைத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பார்வை மாறுவதற்காகவே அந்தப் படிப்புக்கு ஒரு வருடம் கொடுக்கலாம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு நேராகவே ஒரு ஆய்வு இருக்கிறது. திருவனந்தபுரத்தில், மண்டல புற்றுநோய் மையம் 1990-களின் நடுவில் தொடங்கியது. 13 பஞ்சாயத்துகளை எடுத்து, குலுக்கல் முறையில் ஏழில் மட்டும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள், ஆறில் செய்யவில்லை. மொத்தம் சுமார் 1.9 லட்சம் பேர். 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, சோதித்த பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது, பழக்கம் இல்லாதவர்களுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. யாரைச் சோதித்தால் உயிர் மிஞ்சும் என்று அதில் தெரிகிறது பாருங்கள். தொகுதி, பகுதி, ஒப்பிட இன்னொரு கூட்டம், மூன்றும் இருப்பதால் உலகம் முழுக்க இதை எடுத்துப் பேசுகிறார்கள். போடியிலிருந்து மலை ஏறி இறங்கினால் வந்துவிடுகிற மாநிலத்தில் நடந்தது. உங்கள் விண்ணப்பக் கட்டுரையில் இதை மேற்கோள் காட்டுங்கள், உங்கள் 41-ஐயும் எழுதுங்கள், உங்களிடம் பகுதி இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை என்று ஆரம்பிக்கும் கட்டுரைகள் குவியலாக வரும், அதற்கு நடுவில் உங்களுடையது தனியாகத் தெரியும்.

இப்போது அதே கணக்கை கன்சல்டன்சிக்காரரிடம் போட்டுப் பாருங்கள். வேலை கிடைத்தவர்களின் போட்டோவைக் காட்டினார்களே, அது தொகுதி. அந்த வருடம் அவர்கள் மூலம் எம்.பி.எச். படிக்கப் போனவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் பொதுச் சுகாதார வேலையிலேயே இருப்பவர்கள் எத்தனை பேர், முதியோர் இல்லத்திலும் கிடங்கிலும் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் வராது. போட்டோவில் இருப்பவர்களில் இரண்டு பேரிடம் நீங்களே பேச வேண்டும் என்று சொல்லுங்கள், கன்சல்டன்சிக்காரர் பக்கத்தில் இல்லாமல்.

எம்.பி.எச். வைத்துக்கொண்டு அங்கே பல் மருத்துவராக வேலை பார்க்க முடியாது, அதற்கு அந்த நாட்டுப் பல் மருத்துவக் கவுன்சிலின் தேர்வு தனி, செலவு தனி. பொதுச் சுகாதார வேலை என்று பார்த்தால், இங்கிலாந்தில் 2013-இலிருந்து அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி உள்ளாட்சி மன்றங்களிடம் இருக்கிறது. அந்த வேலைகள் உண்டு, ஆனால் உங்களுக்கு விசா ஸ்பான்சர் செய்து எடுக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து திறன்சார் பணியாளர் விசாவுக்குப் பொதுவாக வருடம் 41,700 பவுண்ட் சம்பளம் இருக்க வேண்டும், புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குச் சலுகையாக 33,400. என்.எச்.எஸ். ஊதிய அட்டவணையில் வரும் சில வேலைகளுக்கு வரம்பு இதைவிடக் கீழே இருக்கிறது. ஆனால் முதல் முறையாக உள்ளே நுழைகிற ஒருவருக்கு, அந்த ஊர் அனுபவம் இல்லாமல், இது எளிதாக நடக்கிற காரியம் அல்ல. அப்படி வேலை கிடைத்தவர்களை எனக்குத் தெரியும், நிச்சயம் என்ற சொல்லைத்தான் ஏற்க மாட்டேன்.

படிப்பு முடிந்து தங்குகிற விசாவை நம்பிக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும், காரணம் இருக்கிறது. நான் 2011 செப்டம்பரில் போனேன். அப்போது படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதி இருந்தது. 2012 ஏப்ரலில், நாங்கள் வகுப்பில் இருக்கும்போதே, அதை மூடிவிட்டார்கள். அதை நம்பி வந்தவர்கள் முகத்தை நான் பார்த்தேன். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த பெண், ஊரில் வீட்டை வைத்துக் கடன் வாங்கி வந்தவள், அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து பேப்பரில் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள், எப்படிப் போட்டாலும் அந்தக் கணக்கு வரவில்லை. அப்புறம் 2021-இல் மறுபடி திறந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடத்தை 18 மாதமாகக் குறைக்கிறார்கள், பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று வருடம். நீங்கள் எந்தச் சேர்க்கையில் போனாலும் முடிக்கும்போது உங்களுக்கு 18 மாதம்தான், அதற்குள் இன்னொரு மாற்றம் வந்தாலும் கேட்க முடியாது.

பணக் கணக்கைச் சேர்ந்து போட்டுவிடலாம். பவுண்ட் 115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஃபீஸ் 19,500 பவுண்ட், 22 லட்சத்து 42 ஆயிரம். லண்டனுக்கு வெளியே மாதச் செலவுக்கு விசா விதியே 1,171 பவுண்ட் கேட்கிறது, ஒன்பது மாதத்துக்குக் காட்டினால் போதும். ஆனால் நீங்கள் ஒன்பது மாதம் மட்டும் சாப்பிடப் போவதில்லை, பன்னிரண்டு மாதத்துக்கு 16 லட்சம் ஆகிறது. சுகாதாரக் கட்டணம் என்று விசாவோடு முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள், மாணவர்களுக்கு வருடம் 776 பவுண்ட், ஒரு வருடப் படிப்புக்கு விசா கொஞ்சம் கூடுதலாகத் தருவதால் ஒன்றரை வருடத்துக்குக் கணக்கிட்டு 1,164. விசா, டிக்கெட், குளிருக்குத் துணி எல்லாம் சேர்த்தால் 41 லட்சம் கிட்டத்தட்ட, 30 இல்லை. 41 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை 56,000 சொச்சம். படிக்கும் காலத்து வட்டி ஏறினால் இன்னும் கூடும். இந்தியா திரும்பி வந்து ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தால் ஆரம்பத்தில் நாற்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் வரை பார்க்கலாம், நான் சுற்றுவட்டாரத்தில் பார்த்த அளவில். அதில் 56,000 தவணை. இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டிவிட்டு அப்புறம் தோப்பைப் பற்றிப் பேசுங்கள். அங்கே வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம், மளிகைச் செலவுக்கு உதவும், ஃபீஸ் கட்ட உதவாது. ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுப் புள்ளியியல் வகுப்பில் தூங்கி, அந்தத் தாளை மறுபடி எழுதியவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

சர்வதேச அமைப்புகளில் வேலை என்ற கனவு இருந்தால், அதுவும் முன்போல இல்லை. 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிக்கான யு.எஸ்.எய்ட் அமைப்பையே கலைத்தது, பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3 ஆக்குவதாக அறிவித்தது. பத்து வருட அனுபவம் உள்ளவர்களே வேலை தேடுகிறார்கள்.

அப்படியென்றால் போகவே வேண்டாமா என்றால், இல்லை. கடனில் இந்த வருடம் போக வேண்டாம் என்கிறேன். பிரிட்டன் அரசின் செவெனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களிடம் ஐந்து வருடம் இருக்கிறது. முழு ஃபீஸும் செலவும் தருவார்கள், முடித்ததும் இரண்டு வருடம் ஊரில் வந்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்களுக்கு அது தண்டனை இல்லை, உங்களிடம் வரும் அந்தத் தோட்டப் பெண்கள் போடியில்தான் இருக்கிறார்கள். வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுவார்கள், படிப்பு அதற்கடுத்த செப்டம்பர். காமன்வெல்த் ஷேர்டு உதவித்தொகை, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸில் வரும் பொதுச் சுகாதாரப் படிப்புகள், ஜெர்மனியின் டாட் (DAAD) உதவித்தொகை, எல்லாவற்றையும் பாருங்கள். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடி சமூகம் என்றால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். ஜே.என். டாட்டா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகையும் உண்டு, 1892-இலிருந்து கொடுத்து வருகிறார்கள். ஆனால் அது கடன்.

இதோடு சேர்த்து உள்ளூரிலும் விண்ணப்பம் போடுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் எம்.பி.எச். இரண்டு வருடம், பல் மருத்துவர்களும் சேரலாம். சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி. இருக்கிறது, அவர்களின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் படிப்பதால் எனக்குக் கிடைத்தது வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். ஒரே கேள்வியைக் கானாக்காரர் ஒரு விதமாக, நேபாளத்துக்காரர் ஒரு விதமாகப் பார்ப்பதைக் கேட்பது பெரிய படிப்பு. ஆனால் களத்துக்குப் போய் வீடு வீடாகக் கணக்கெடுக்கிற பழக்கத்தை இங்கே கற்றவர்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள், அதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

போகும் நாள் வந்தால் ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 50 வாங்கினால் பாஸ், 70 என்பது உச்சம் மாதிரி. முதல் கட்டுரைக்கு 62 வந்தால் அறையைச் சாத்திக்கொண்டு அழாதீர்கள், 62 நல்ல மதிப்பெண். இன்னொருவர் எழுதியதை ஆதாரம் சொல்லாமல் இரண்டு வரி எடுத்தாலும் டர்னிடின் என்ற மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும். வகுப்பில் சும்மா இருக்காதீர்கள். நம் ஊர் டாக்டர்கள் விஷயம் தெரிந்தும் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், நானும் ஒரு பருவம் முழுக்க அப்படி இருந்து வீணாக்கினேன்.

கடைசியாக ஒன்று, எழுதும்போது என் மனசில் உறுத்திக்கொண்டே இருப்பது. அந்த 41 பேரில் எத்தனை பேர் பயாப்சிக்கு (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) போனார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒருவேளை எழுத மறந்திருக்கலாம். இல்லையென்றால் தயவுசெய்து இந்த வாரமே நோட்டை எடுங்கள். கிளினிக்கில் போன் நம்பர் இருக்கும், ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள், ஒருநாள் கூலி போய்விடும் என்று தயங்குவார்கள், எந்தக் கிழமை போனால் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள். திட்டு சிவந்து போனது, புண் ஆறாமல் இருப்பது, தொட்டால் தடிப்பாக இருப்பது, இவர்களை முதலில். அப்புறம் வருகிற திங்கட்கிழமையிலிருந்து நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள்: என்ன காரணத்துக்காக வந்திருந்தாலும் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்ணின் வாயையும் முழுக்கப் பார்த்து, திட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு கோடு. பெயர் வேண்டாம், வயது, பழக்கம், தோட்ட வேலையா இல்லையா, அவ்வளவு போதும். செவெனிங் திறப்பதற்குள் சில மாதக் கணக்கு உங்கள் கையில் இருக்கும். கட்டுரையை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.